பிரேக்கு வீட்டுச் சாப்பாடு

இட்லியை யாராலும் கெடுக்க முடியாது என்று நம்புகிறவர்கள் பிரேக்கைச் சந்திக்காதவர்கள். மாவு சுமாராக இருந்தாலும் ஆவி பார்த்துக்கொள்ளும், மிச்சத்தைச் சட்னி சரிக்கட்டிவிடும் என்று நானும் ஒரு காலத்தில் நம்பியவன்தான். ஒரகடத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடி வீட்டின் சாப்பாட்டு மேஜையில் அந்த நம்பிக்கை உடைந்தது. நம்பிக்கை மட்டும்தான் உடைந்தது. இட்லி உடையவில்லை.

பிரேக்கு என்பது அவருடைய பெயர் அல்ல. பெற்றவர்கள் ஏதோ நல்ல பெயராகத்தான் வைத்திருப்பார்கள். அதை அந்தத் தெருவில் எவரும் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. எல்லாம் அந்த போர்டு செய்த வேலை.

தொழிற்பேட்டைக்கு வந்துபோகும் இன்ஜினியர்களை நம்பி மனிதர் தன் வீட்டு மாடியில் நான்கு அறைகள் கட்டினார். சாதாரண லாட்ஜ் என்று சொன்னால் கௌரவம் என்னாவது? வெளிநாட்டில் வீட்டுக்குள்ளேயே படுக்கையும் காலைச் சாப்பாடும் கொடுக்கிறார்களாம், அதே மாதிரி கொடுக்கப்போவதாக முடிவெடுத்தார். போர்டு எழுத வந்தவர் ‘பெட் அண்டு பிரேக் ஃபாஸ்ட்’ என்று, பிரேக்குக்கும் ஃபாஸ்ட்டுக்கும் நடுவில் ஒரு முழம் இடம் விட்டு எழுதினார். பக்கத்தில் அவர் வரைந்த ஆவி பறக்கும் காபிக் கோப்பை, மலைப்பாதையில் இறங்கிவந்த லாரியின் பிரேக் டிரம் மாதிரியே இருந்தது. லாரியும் காரும் செய்கிற ஊரில் இதற்குமேல் என்ன வேண்டும்?

திறந்த அன்றைக்கே நாமக்கல் லாரி ஒன்று வாசலில் வந்து நின்றதாம். டிரைவர் இறங்கி, “அண்ணா, பின் வீல்ல பிரேக் ஷூ மாத்தோணுங்க. நேரமாகுமுங்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“இது மெக்கானிக் ஷெட்டு இல்லய்யா. மனுசன் தங்கற எடம்.”

“பெட்டுன்னு வேற போட்டிருக்குதுங்க. வண்டியப் படுக்க வெச்சுப் பாப்பீங்களாட்டன்னு நெனச்சனுங்க.”

வந்தவரை வெறுமனே அனுப்பக்கூடாதென்று உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து உப்புமா கொடுத்தாராம் நம் ஆள். அதன்பிறகு அந்த லாரி அந்தத் தெருவுக்குள் திரும்பவே இல்லை என்று எதிர்க்கடை அஞ்சலை அக்கா சொல்வாள். அன்றிலிருந்து அவர் பிரேக்கு. அவரும் அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டார். போர்டை மட்டும் கடைசிவரை மாற்றவில்லை. “எழுத்துல தப்பு இல்ல. படிக்கறவன் கிட்ட தப்பு” என்பது அவர் கட்சி.

அவருடைய கட்சிகள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். முன்பு ஏதோ ஒரு தொழிற்சாலை கேன்டீனில் சூப்பர்வைசராக இருந்தவர். வேலை என்ன தெரியுமா? சமைத்து வருவதை ஒரு வாய் ருசி பார்த்து, சரியில்லை என்று சொல்லித் திருப்பி அனுப்புவது. கரண்டி பிடித்தவர் அல்ல. பிடித்தவர்களை மிரட்டியவர். அப்படிப்பட்டவர் ரிட்டயர் ஆனதும், கிரிக்கெட் அம்பயர் ஒருவர் பேட்டைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குள் இறங்கிய மாதிரி, நேராகச் சமையலறைக்குள் இறங்கிவிட்டார்.

நான் கோவில்பட்டிக்காரன். பெயின்ட் அடிக்கும் இயந்திரங்களை மாட்டிக்கொடுக்கும் கம்பெனியில் வேலை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் புதிதாக ஒரு பெயின்ட் லைன் போடுகிறார்கள் என்று என்னை அனுப்பினார்கள். ஸ்ரீபெரும்புதூரில் கோயில் உற்சவம், லாட்ஜுகள் நிறைந்துவிட்டன. ஆபீஸில் யாரோ பிரேக்கு வீட்டைப் பிடித்துக்கொடுத்தார்கள். அந்த ‘யாரோ’ யாரென்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தெரிந்தால் அவரை மன்னிப்பதா என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

முதல் நாள் காலையில் பிரேக்கு என்னை மாடி பால்கனிக்கு அழைத்துப்போய், கையை நீட்டி, “லேக் வியூ” என்றார். நீட்டிய திசையில் ஒரு காலி மனை, அதில் தேங்கிய தண்ணீர், அதற்குள் மூன்று எருமைகள்.

“ஏரி எங்கண்ணே?”

“அந்தப் பக்கமா போனா செம்பரம்பாக்கம். காத்து அங்கருந்துதான் வருது. மூச்ச நல்லா இயுத்து வுடு.”

இழுத்தேன். எருமை வாசனை வந்தது.

கீழே மேஜையில் ‘காலைச் சாப்பாடு’ காத்திருந்தது. கார்ன்ஃபிளேக்ஸில் கொதிக்கிற பாலை ஊற்றி, மூடிவைத்து, நன்றாகக் குழைய விட்டிருந்தார். பார்ப்பதற்குச் சுவரில் ஓட்டை அடைக்கிற பட்டி மாதிரி இருந்தது. பிரெட் ஒரு பக்கம் கருகி, மறுபக்கம் குழந்தை மாதிரி வெள்ளையாக இருந்தது. ஆம்லெட்டில் உப்பு இல்லை. கல்லாகிக் கிடந்த இட்லிக்கு வந்த சாம்பாரில் காரம் இல்லை, புளி இல்லை. பருப்பு இருந்தது, ஆனால் தலைமறைவாக இருந்தது. எண்ணெய் என்ற பொருள் அந்த வீட்டில் கதவுக் கீலுக்குக்கூடப் போடப்படவில்லை.

“உப்பு இருக்காண்ணே?” என்று கேட்டேன்.

பிரேக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். “தம்பி, உப்புன்றது இன்னா? கெட்ட சமையல மறைக்கறதுக்குப் போடறது. காரமும் அதே கேஸ்தான். எண்ணயும் அதே கேஸ்தான். எல்லாத்தியும் எடுத்துட்டா மிச்சம் இன்னா இருக்கும்? அதுதான் சமையலு.”

மிச்சம் என்ன இருக்கும் என்பது தட்டில் இருந்தது. பசியோடு எழுந்து வேலைக்குப் போனேன்.

இந்தக் கொடுமைக்கு நேர் எதிரே, புங்க மரத்தடியில், அஞ்சலை அக்காவின் தள்ளுவண்டி நின்றது என்பதுதான் விதியின் விளையாட்டு. விடியும்போதே கம்பெனி பஸ்கள் அங்கேதான் வந்து நிற்கும். ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்குப் போகிறவர்கள் தட்டைக் கையில் ஏந்தி நிற்பார்கள். நைட் ஷிஃப்ட் முடித்து இறங்குகிறவர்கள் கண்ணைக் கசக்கிக்கொண்டே வரிசையில் சேர்வார்கள். இட்லி, வடகறி, பூரி, வாரத்தில் இரண்டு நாள் முதல்நாள் வைத்த ஏரி மீன் குழம்பு. அந்தக் குழம்பின் வாசனை பிரேக்கு வீட்டு ஜன்னல் வழியாக வந்து என் தலையணையில் உட்காரும். அக்காவுக்குப் பூர்வீகமே அந்தப் பக்கம்தான். அவள் வீட்டுக்காரர் பயிர் வைத்த நிலத்தில் இப்போது ஏதோ கோடவுன் நிற்கிறது. மகன் அதிலேயே வேலை பார்க்கிறான். அவளுக்குச் சட்டியும் நாக்கும் இரண்டுமே காரம்.

பிரேக்கு தினமும் காலையில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தெருவைக் கடந்து போவார். வாங்க அல்ல, ஆய்வு செய்ய. வண்டிக்குப் பக்கத்தில் நின்று மூக்கைத் தூக்கி ஒருமுறை இழுப்பார்.

“இன்னாம்மா எண்ண இது? கிரீஸா?”

“ஆமாய்யா. உன் பிரேக்குக்குப் போடறதுக்கு வாங்கியாந்தேன்.”

வரிசை மொத்தமும் சிரிக்கும். பிரேக்கு அசைய மாட்டார். “இத்த தின்னுட்டு நீங்கள்லாம் லைன்ல நின்னு வயித்தப் புடிச்சுக்கினு கெடக்கப் போறீங்க பாரு” என்று பொதுவாகச் சாபம் கொடுத்துவிட்டுத் திரும்பிவருவார். யாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிடந்ததாகத் தகவல் இல்லை.

தன் வீட்டில் தங்குகிறவர்கள் அங்கே சாப்பிடக்கூடாது என்பது சட்டம். மீறுகிறவர்களைப் பிடிக்க அவருக்கு ஒரு முறை இருந்தது. கேட்டருகே நின்று, “கைய காட்டு” என்பார். காட்டினால் முகர்ந்து பார்ப்பார். படித்த மனிதர்கள், பெரிய பெரிய இயந்திரங்களை ஓட்டுகிறவர்கள், பள்ளிக்கூடப் பையன்கள் மாதிரி கையை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நான் தொழிற்சாலையில் கிரீஸ் கறை போக்குகிற சோப்பை ஒரு டப்பாவில் கொண்டுவந்து, அக்கா கடையிலேயே கைகழுவிவிட்டு வருவேன். அப்படியும் ஒருநாள் மாட்டினேன்.

“வடகறி” என்றார், என் விரலை விடாமல். “சோம்பு ஜாஸ்தி. நேத்து வட.”

கரெக்டாகத்தான் சொன்னார். அதுதான் எரிச்சல். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு எப்படி இப்படிச் சமைக்கிறார் என்பது எனக்கு இன்றும் புரியாத மர்மம். ஒருவேளை தன் அடுப்புப் பக்கம் திரும்பும்போது மட்டும் மூக்கு லீவு எடுத்துக்கொள்ளுமோ என்னவோ.

பக்கத்து அறையில் ஒரு கொரியாக்காரர் இருந்தார். மரியாதையான மனிதர். பிரேக்கு எதை வைத்தாலும் தலைகுனிந்து வணங்கிவிட்டுச் சாப்பிடுவார். பிரேக்குக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் ரசிகர். “பாத்தியா, வெளிநாட்டுக்காரனுக்குத்தான் தெரியுது” என்று என்னிடம் காட்டி, அவர் தட்டில் இரண்டு மடங்கு வைப்பார். அவர் இன்னும் ஆழமாக வணங்குவார். அது நன்றி அல்ல, விட்டுவிடுங்கள் என்கிற கெஞ்சல் என்பது எனக்குப் புரிந்தது. பிரேக்குக்குப் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே பாவம் பார்த்து கொரியாக்காரரை அக்கா கடைக்கு அழைத்துப்போனேன். மீன் குழம்பை ஒரு வாய் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். நெற்றி வியர்த்தது, கண்ணில் தண்ணீர் கொட்டியது. கர்சீப்பை எடுத்துத் துடைத்துக்கொண்டு தட்டை மறுபடி நீட்டினார்.

வீட்டு வாசலிலிருந்து பார்த்த பிரேக்கு ஓடிவந்தார். “அடிப்பாவி, வந்த விருந்தாளிய அழ வச்சிட்டியே!”

“அது சந்தோசத்துல அயுவுறாருய்யா. உன் வூட்ல அயுவறது வேற.”

கொரியாக்காரர் பிரேக்கைப் பார்த்தார், குழம்புச் சட்டியைப் பார்த்தார். சட்டியைப் பார்த்துத்தான் வணங்கினார். மறுநாள் காலைச் சாப்பாட்டுக்கு நெய் ஊற்றாத பொங்கல் வந்தது. அது எங்கள் எல்லோருக்குமான தண்டனை என்று எடுத்துக்கொண்டோம்.

லைன் பாதி முடிந்திருந்த சமயத்தில் எனக்குக் காய்ச்சல் வந்தது. சோறு என்ற வார்த்தையைக் கேட்டாலே குமட்டியது. கண்ணாடியில் பார்த்தேன். கண் இரண்டும் மஞ்சள்.

பிரேக்குதான் ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஸ்ரீபெரும்புதூரில் ஒரு டாக்டரம்மாவிடம் அழைத்துப்போனார். வழியெல்லாம் ஒரே பேச்சு. “அஞ்சல கட. நான் அப்பவே சொன்னேன். சொன்னனா இல்லியா?” எங்கே குடித்த தண்ணீரில் வந்ததோ, எனக்கு வாதாடத் தெம்பில்லை. அக்கா கடையில் சாப்பிட்ட அத்தனை பேரும் அன்றைக்கும் நன்றாகத்தான் ஷிஃப்டுக்குப் போயிருந்தார்கள்.

டாக்டரம்மா ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “மஞ்சள் காமாலை. நல்ல ரெஸ்ட் வேணும். இப்போதைக்கு ஊருக்கெல்லாம் பஸ்ஸுல போகக்கூடாது. எண்ணெய் சேர்க்காதீங்க.”

பிரேக்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“காரம் வேண்டாம். மசாலா வேண்டாம். உப்பு குறைச்சுக்கணும்.”

ஒவ்வொன்றுக்கும் அவர் முகம் மலர்ந்துகொண்டே போனது. கடைசியில் என் தோளைத் தட்டி, டாக்டருக்கே கேட்கும்படி, “எங்க வூட்டு மெனுவ அப்படியே படிக்கறாங்க பாரு!” என்றார். உலகத்தில் ஒரு மனிதன் காமாலை கண்டு படுத்திருக்க, இன்னொரு மனிதன் பட்டம் வாங்கியவன் மாதிரி வெளியே வந்ததை நான் அங்கேதான் பார்த்தேன்.

செய்தி கேட்டதும் பக்கத்து அறைக்காரர்கள் பெட்டியைக் கட்டினார்கள். ஒட்டிக்கொள்கிற வியாதி என்று பயம். கொரியாக்காரரை அவர் கம்பெனியே வேறு இடத்துக்கு மாற்றியது. எங்கள் மேனேஜர் போனில், “அந்த வீட்டுக்காரருக்குச் சங்கடம் கொடுக்க வேண்டாம், ஏதாவது ஆஸ்பத்திரியில் சேர்ந்துடுங்க” என்றார். நான் தயங்கித் தயங்கி அதை பிரேக்கிடம் சொன்னேன்.

“போறவன் போவட்டும். வூடு அமைதியா கீது. நீ தூங்கு.”

அம்மாவுக்கு அப்போது கால் முறிந்து மாவுக்கட்டு. வர முடியாது. போனில் அழுதாள். பிரேக்கு என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டு, “அம்மா, நான் கீறேன்மா. நீங்க கால கீயே வைக்காதீங்க” என்றார். அம்மா அப்புறம் என்னிடம், “யாருய்யா அது, தங்கமான மனுசனா இருக்காரு” என்றாள். சாப்பாட்டைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாதல்லவா?

பத்தியச் சாப்பாடு வரத் தொடங்கியது. பிரேக்கின் வாழ்க்கை லட்சியம் கைகூடிய காலம். இட்லி, குழைந்த சோறு, ஏதோ ஒரு காயை வேகவைத்த தண்ணீர். டாக்டர் சொன்னதற்கு அட்சரம் பிசகவில்லை. ஆனால் ஒரு வாய்கூட இறங்கவில்லை. உள்ளே போனது அப்படியே வெளியே வந்தது. அவர் பக்கெட்டைக் கொண்டுவந்து வைப்பார், முதுகைத் தடவுவார், கழுவி எடுத்துப்போவார். மறுபடி வேறு ஏதாவது செய்துகொண்டு வருவார். அதுவும் வெளியே வரும்.

டாக்டரம்மா வந்து பார்த்தபோது முகத்தைச் சுருக்கினார். “ஒண்ணுமே சாப்பிடலைன்னா எப்படி? ரொம்ப இளைச்சுட்டீங்க. இப்படியே போனா அட்மிட் பண்ணி டிரிப்ஸ்தான் ஏத்தணும். லிவர் இன்னும் மோசமாச்சுன்னா சிக்கல்.”

பிரேக்கு வாசலருகே கையில் தட்டோடு நின்றிருந்தார். டாக்டர் போனபிறகு, தட்டிலிருந்ததை ஒரு வாய் எடுத்துத் தானே போட்டுக்கொண்டார். நெடுநேரம் மென்றார். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் தட்டைத் திருப்பி அனுப்பிய மனிதர், அன்று தன் தட்டைத் தானே எடுத்துக்கொண்டு கீழே போனார்.

மறுநாள் விடிந்ததும் தெருவில் ஏதோ வித்தியாசமாக இருந்தது. பிரேக்கு சாபம் கொடுக்கிற சத்தம் கேட்கவில்லை. தலையணையை ஜன்னலோரம் நகர்த்திக்கொண்டு பார்த்தேன். அக்கா கடை வரிசையில், நீலச் சட்டை போட்ட தொழிலாளிகளுக்கு நடுவில், பிரேக்கு நின்றுகொண்டிருந்தார். முன்னால் போய் முகரவில்லை. வரிசையில் நின்றார். முன்னால் நின்றவன் வழிவிட்டும் போகவில்லை. தன் முறை வந்தபிறகுதான் வாயைத் திறந்தார்.

“இன்னா பிரேக்கு, இன்னிக்கி இன்னா கொற கண்டுபுடிச்ச?” என்றாள் அக்கா, நிமிராமலே.

அவர் ஏதோ முணுமுணுத்தார்.

“இன்னா? காதுல வுயல. பஸ்சு சத்தம்.”

நின்றிருந்த கம்பெனி பஸ்ஸின் டிரைவர் எட்டிப்பார்த்து இன்ஜினை அணைத்தார். தெருவே காதைத் தீட்டியது.

“நொய்க் கஞ்சி எப்டி வைக்கணும்னு கேட்டேன்மா!”

யாரோ ஒருவன் விசில் அடித்தான். இன்னொருவன், “அண்ணாத்த, ரெசிப்பியா?” என்றான். வரிசை குலுங்கியது. இத்தனை வருடம் சேர்த்துவைத்ததையெல்லாம் அக்கா இப்போது வட்டியோடு திருப்பித்தரப் போகிறாள் என்று நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். நியாயமாகப் பார்த்தால் எனக்கு அது இனித்திருக்க வேண்டும்.

“டேய், வாய மூடுங்கடா” என்றாள் அக்கா. பிறகு அவரைப் பார்த்து, “அந்தத் தம்பிக்கா?”

“ஆமா. நான் வச்சா எறங்க மாட்டேங்குது.”

அவ்வளவுதான் சொன்னார். லுங்கியை மடித்துக் கட்டாமல், கணுக்கால்வரை இறக்கிவிட்டிருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

அக்கா கரண்டியைப் பக்கத்தில் நின்ற ஒருவன் கையில் கொடுத்தாள். “அடுப்பப் பாத்துக்க. பூரி கருவுச்சுன்னா உன்னக் கருக்கிடுவேன்.” முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல்முறையாகத் தெருவைக் கடந்து பிரேக்கு வீட்டுக்குள் நுழைந்தாள்.

அதன்பிறகு கீழே சமையலறையிலிருந்து வந்த சத்தத்தை வைத்தே எனக்குப் பாதி குணமாகிவிட்டது.

“இன்னாய்யா இது, டப்பா டப்பாவா? எருமைக்கு வச்சிக்கினுகீறியா?”

“அது கார்ன்ஃபிளேக்ஸ்மா. தண்ணி எத்தினி டம்ளர்னு சொல்லு.”

“டம்ளரு கிம்ளருலாம் கெடையாது. அரிசியப் பாரு, அதுவே சொல்லும்.”

“அரிசி எப்டிம்மா சொல்லும்?”

“ஊரு அடுப்பெல்லாம் மோந்து பாத்தியே, இத்த மோந்து பாரு. பச்ச வாசன போச்சா? போவலல்ல? அப்ப நில்லு.”

கொஞ்ச நேரத்தில் இருவரும் மேலே வந்தார்கள். கஞ்சியில் சீரகத்தைத் தட்டிப்போட்டு, மோர் விட்டு, உப்பு ஒரு துளி போட்டிருந்தாள் அக்கா. டாக்டர் போட்ட கோட்டைத் தாண்டவில்லை. ஆனால் அது சாப்பாடாக இருந்தது. நான் நான்கு ஸ்பூன் குடித்தேன். இருவரும் என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கெட் பக்கத்திலேயே இருந்தது. அதற்கு வேலை வரவில்லை.

“எறங்கிச்சா?” என்றார் பிரேக்கு.

“இறங்கிருச்சுண்ணே.”

அவர் சட்டென்று திரும்பி பால்கனிக்குப் போய்விட்டார். ரொம்ப நேரம் எருமைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். “ஆளு அயுவுது” என்றாள் அக்கா என் காதில், ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி.

அதற்குப்பின் தினமும் கஞ்சி பிரேக்கே வைத்தார். மற்ற எதையும் சமைக்க அவர் கடைசிவரை கற்றுக்கொள்ளவில்லை என்பதைப் பதிவு செய்தாக வேண்டும். கஞ்சி ஒன்றுதான். அதை மட்டும் பக்கத்திலேயே நின்று, வேறு எதையும் பார்க்காமல், பச்சை வாசனை போகிறவரை முகர்ந்து முகர்ந்து வைத்தார். எப்படி இருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. எறங்கிச்சா என்று மட்டும் கேட்பார்.

கண்ணில் மஞ்சள் போய், நான் படியிறங்கி வந்த அன்று தெருவில் சண்டை நடந்துகொண்டிருந்தது. அஞ்சலை அக்காவின் கிரைண்டர் பிரேக்கு வீட்டு வராந்தாவுக்கு வந்திருந்தது. மழைத் தண்ணீர் படாமல் இருக்கட்டும் என்று அவர்தான் சொன்னாராம். சண்டை போட முன்பு தெருவைக் கடக்க வேண்டியிருந்தது, இப்போது அந்தச் சிரமமும் இல்லை. உளுந்து பழசு என்று இவர், மூஞ்சி பழசு என்று அவள். எனக்குக் காமாலை வந்ததற்கு அந்தக் கடைதான் காரணம் என்று அவர் இன்னும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். பிழைத்ததற்குத் தன் கஞ்சிதான் காரணம் என்றும் சொன்னார். அக்கா மறுக்கவில்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

லைன் முடிந்து ஊர் திரும்பினேன். வேறு வேறு ஊர்களில் தங்கினேன், நல்ல ஓட்டல்களில் சாப்பிட்டேன். பிரேக்கு வீடு இன்னும் இருக்கிறது, போர்டும் அதே போர்டுதான் என்று கேள்வி. எங்கள் ஆபீஸ் பையன்கள் ஒரகடம் பக்கம் கிளம்பும்போது, எங்கே தங்கலாம் என்று என்னைத்தான் கேட்கிறார்கள். எங்கே வேண்டுமானாலும் தங்குங்கள், அங்கே மட்டும் போகாதீர்கள், சாப்பாட்டை வாயில் வைக்க முடியாது என்று அடித்துச் சொல்கிறேன்.

சாப்பாடு ஒரு சாக்குதான். மாடியில் ஜன்னலோரமாக இருக்கும் அந்தக் கட்டிலில் வேறொருவன் படுத்திருக்க, அவர் வந்து குனிந்து “எறங்கிச்சா?” என்று அவனைக் கேட்பதை நினைத்தாலே என்னால் பொறுக்க முடியவில்லை.